மலைச் சிகரங்களும் மாதர் உரிமையும்

மலையேறுதல் இன்று ஒரு விளையாட்டாகக் கொள்ளப்படுகிறது. அதுவே பெருந்தொகையான பணம் புழங்கும் உல்லாசப் பிரயாணத் தொழிலின் ஒரு கிளையுமாகும். விளையாட்டில் ஆணும் பெண்ணும் சமம் என்ற கோரிக்கையை ஒரு மேடையிலும், தொழிலில் ஆணும் பெண்ணும் சமம் என்ற கோரிக்கையை இன்னொரு மேடையிலும் வைத்துப் பேசுவது நம்மவர் வழக்கம். மலைமீது இந்தப் பிரிவினை நிலைப்பதில்லை. ஒருவருடைய பொழுதுபோக்கும் இன்னொருவருடைய வயிற்றுப்பாடும் அங்கே ஒரே கயிற்றிற் கட்டுண்டு மேலே செல்கின்றன.

மலையேற்ற வரலாற்று நூல்களிற் பெண்களைப் பற்றிய பகுதி பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. இன்ன சிகரத்தில் இன்ன ஆண்டில் ஏறிய முதற் பெண் இன்னார் என்பதற்கு மேல் அவை செல்வதில்லை. பட்டியல் பொய்யன்று. அதில் வரும் ஒவ்வொருவரும் வீட்டாரையும், வைத்தியரையும், மதகுருமாரையும், சங்கங்களையும் எதிர்த்து நின்றவர்களே. ஆயினும், அவர்களுடைய மூட்டையை யார் சுமந்தார்கள், அந்தச் சுமைகூலி யாருடைய வீட்டு அடுப்பை எரித்தது, அந்த வீட்டுப் பெண் எப்போது அதே சிகரத்திற் காலூன்றினாள் என்று கேட்கத் தொடங்கினால், அதே ஆண்டுகளும் அதே மலைகளும் வேறொரு வரலாற்றைக் காட்டுகின்றன. அந்த வரலாற்றையே நாம் இங்கு எழுத முற்படுகின்றோம்.

அல்ப்ஸ் மலைச்சாரலில் வாழ்ந்த குடியானவர்கள் உல்லாசத்திற்காகச் சிகரம் ஏறியவர்கள் அல்லர். கோடையிற் கால்நடைகளை மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுவதும், புல் அறுத்துக் காயவைப்பதும், பாலாடைக்கட்டி செய்வதும் அவர்களுடைய வாழ்வு. ஆண்களிற் சிலர் மலையாடு வேட்டையாடினர். சிலர் பாறை இடுக்குகளிற் பளிங்குக் கற்களைத் தேடி விற்றனர். 1760 ஆம் ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த டி சோசியூர் என்னும் செல்வந்த விஞ்ஞானி, மொன் பிளாங் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்போருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 1786 ஆகஸ்ட் 8 ஆம் திகதி, ஷமோனி ஊர் வைத்தியரான பக்கார் என்பவரும், பளிங்கு தேடும் பல்மா என்பவரும் அச்சிகரத்தை அடைந்தனர். ஐரோப்பாவின் கனவான்கள் ஷமோனிக்கு வரத் தொடங்கினர். கிராமத்தின் தொழில் மாறிற்று. வேட்டைக்காரன் வழிகாட்டியானான். அவனுடைய தங்கை சத்திரத்திற் பாத்திரம் கழுவுபவளானாள்.

1808 ஆம் ஆண்டில் மொன் பிளாங்கில் ஏறிய முதற் பெண்ணான மரீ பரடி இந்தத் தங்கைமாருள் ஒருத்தி. ஷமோனியைச் சேர்ந்த ஏழைப் பணிப்பெண். அவர் ஏறியதன் காரணத்தை மேல்நாட்டு நூலாசிரியர்கள் சற்றுக் கூச்சத்துடனேயே குறிப்பிடுகின்றனர். தம்முடன் வருமாறு வழிகாட்டிகள் அவரை அழைத்தார்களாம். நீ ஏறிவிட்டால் ஊருக்கு வரும் வெளியார் உன்னைப் பார்க்க வருவார்கள், கையிற் காசும் கொடுப்பார்கள் என்று அவர்கள் சொன்னார்களாம். பரடி சென்றார். உயரத்தில் மூச்சு முட்டிற்று, கால் தளர்ந்தது. கடைசிப் பகுதியில் அவரை இழுத்தும் தள்ளியும் தூக்கியுமே கொண்டு சென்றனர். வழிகாட்டிகள் சொன்னதும் பலித்தது. பிற்காலத்தில் அவர் பிரயாணிகளுக்குச் சிற்றுண்டியும் தேநீரும் விற்று வாழ்ந்தார். அவரைக் காண்பதும் அவ்வூரின் காட்சிகளுள் ஒன்றாயிற்று.

இதனைக் காட்டி, பரடி உண்மையான மலையேறி அல்லர் என்று வாதிப்போர் உளர். விளையாட்டு என்றால் ஆதாயம் கருதாமற் செய்வது என்பதே அவர்களுடைய எண்ணம். ஆதாயம் கருதாதிருக்க முதலில் ஆதாயம் வேண்டும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. நம்முடைய பார்வையிற் பரடியே இந்த வரலாற்றின் முதல் மனிதர். ஒரு வேலைக்காரப் பெண், தன் ஊரின் மலை விலைபோவதைக் கண்டு, அந்த விலையிற் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று மலை ஏறினார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1838 செப்டெம்பரில், ஹென்றியெற் டான்ஜவீல் என்னும் பிரெஞ்சுப் பிரபுகுலப் பெண்மணி அதே சிகரத்தை அடைந்தார். அவருக்கு வயது 44. ஆறு வழிகாட்டிகளும் ஆறு சுமைதூக்கிகளும் உடன் சென்றனர். கொண்டுபோன உணவில் இருபத்துநான்கு கோழிகளும் பதினெட்டுப் போத்தல் நல்ல திராட்சை மதுவும் இருந்தன. ஊர் பாதிரியாரும் உறவினரும் தடுத்ததைப் பொருட்படுத்தாமல், பாவாடைக்கு உள்ளே காற்சட்டை அணிந்து, தம் சொந்தக் காலாலேயே அவர் ஏறினார். உச்சியை அடைந்ததும் வழிகாட்டிகள் அவரைத் தம் தோளின்மேல் உயர்த்தி, மொன் பிளாங்கைவிட உயரத்தில் நிற்கிறீர்கள் என்று மகிழ்ந்தனராம். டான்ஜவீலின் மனவுறுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கீழே இறங்கி வந்தபின் நடந்த விருந்துக்கு வயோதிபரான மரீ பரடியை அவர் அழைத்து உடனிருத்திக்கொண்டார் என்பதும் அவருடைய பெருந்தன்மையைக் காட்டும். அடுத்த ஆண்டிற் பரடி இறந்துபோனார். அந்த விருந்து மேசையில் ஒரு நூற்றாண்டுக்கு வேண்டிய இரண்டு வழிகளும் அருகருகே அமர்ந்திருந்தன. ஒன்று செல்வத்தின் வழி; அது மெல்ல மெல்ல அகன்றது. மற்றது உழைப்பின் வழி. அது பரடியுடன் மூடிக்கொண்டது.

ஏன் மூடிக்கொண்டது? மலையில் வழிகாட்டுதல் அதற்குள் ஒழுங்குபட்ட தொழிலாகிவிட்டது. 1820 இல் மொன் பிளாங்கிற் பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் மாண்டனர். அடுத்த ஆண்டு, 1821 இல், ஷமோனி வழிகாட்டிகளின் சங்கம் உருவாயிற்று. மாண்டவர் குடும்பங்களுக்கு உதவுவதும், வேலையை முறைவைத்துப் பங்கிடுவதும், கூலியை நிர்ணயிப்பதும் அதன் நோக்கங்கள். உழைப்பாளர் ஒற்றுமையின் நல்ல எடுத்துக்காட்டுத்தான். ஆனால் அந்த ஒற்றுமை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது, மகளுக்கு வரவில்லை. வழிகாட்டியின் மகள் பிரயாணியின் படுக்கையை விரித்தாள்; அவருடைய ஈரக் காலுறையைக் காயவைத்தாள். மலையின் பெயரால் வந்த கூலியில் உயர்ந்த பங்கு அவளுடைய கைக்கு எட்டவில்லை. பிரான்சில் மலை வழிகாட்டிக்குரிய சான்றிதழைப் பெற்ற முதற் பெண் மார்ட்டீன் ரொலான். அவர் அதனைப் பெற்ற ஆண்டு 1983. பரடி சிகரம் ஏறியதிலிருந்து எண்ணினால் நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள்.

இதனிடையே செல்வத்தின் வழி அகன்ற விதத்தையும் பார்த்தல் வேண்டும். புகைவண்டி வந்தது. தோமஸ் குக் 1863 கோடையிற் தமது முதலாவது சுவிற்சர்லாந்துச் சுற்றுலாவை நடத்தினார். கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தி, ஒழுங்கு செய்யப்பட்ட விடுதிகளிற் தங்கி, கூட்டமாகச் செல்லும் இந்த முறை, பிரபுக்களின் ஏளனத்துக்கு ஆளாயிற்று. ஆனால் நடுத்தர வகுப்புப் பெண்களுக்கு அது பெருவாய்ப்பாக அமைந்தது. தந்தையோ கணவனோ உடன்வராமல் ஒரு பெண் பிறநாடு செல்வது மரியாதைக்குரிய காரியமாயிற்று. அந்த முதற் பயணத்திற் சென்ற ஜெமைமா மொறெல் என்னும் யோக்‌ஷயர்ப் பெண் ஒரு நாட்குறிப்பு எழுதினார். நீண்ட பாவாடையுடன் பனியாற்றைக் கடந்ததும், விடியுமுன் எழுந்து மலைக்கணவாயில் ஏறியதும் அதில் நகைச்சுவையுடன் எழுதப்பட்டுள்ளன. இரண்டாம் உலகயுத்தத்தின் குண்டுவீச்சில் இடிந்த இலண்டன் கட்டிட இடிபாடுகளிலிருந்து அந்தக் குறிப்பு கண்டெடுக்கப்பட்டு, 1963 இல் நூலாக வெளிவந்தது. மலைவாசஸ்தலங்களின் நடுத்தரப் பெண் பிரயாணியைப் பற்றிய நமது அறிவிற் பெரும்பகுதி இத்தகைய நாட்குறிப்புகளிலிருந்தே வருகிறது. விடுதியிற் பரிமாறிய பெண்கள் நாட்குறிப்பு எழுதவில்லை.

கனவான்களோ தங்கள் விளையாட்டைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டார்கள். இலண்டனில் 1857 இல் அமைந்த அல்பைன் கழகம் உலகின் முதலாவது மலையேறுவோர் சங்கமாகும். அதிற் பெண்களுக்கு இடமில்லை. 1871 ஜூலையில், லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகளான லூசி வாக்கர், ஆறு ஆண்டுகளுக்கு முன் நான்கு உயிர்களைப் பலிகொண்டிருந்த மற்றர்ஹோர்ன் சிகரத்தில் ஏறிய முதற் பெண் என்ற புகழைப் பெற்றார். அவரோடு போட்டியிட்ட அமெரிக்கப் பெண்மணி மெற்றா பிரெவூர்ட். பிரெவூர்ட்டின் அனுபவம் நம் கவனத்துக்குரியது. 1871 இல் அவர் பீற்ச்ஹோர்ன் சிகரம் ஏறி அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது அல்பைன் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆனால் அவருடைய மருமகனான கூலிட்ஜ் என்னும் இளைஞரின் பெயரில்! பெண் ஏறலாம், குளிரில் நடுங்கலாம், விழுந்து சாகவும் செய்யலாம், ஏறினேன் என்று கையொப்பமிட மட்டும் இயலாது. இலக்கியச் சஞ்சிகை வாசகர்களாகிய நமக்கு இந்த அநீதியின் சுவை நன்கு விளங்கும்.

அல்பைன் கழகம் பெண்களை ஏற்றுக்கொண்டது 1970களின் நடுப்பகுதியிலேதான். சுவிற்சர்லாந்துக் கழகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1907 இல் அது பெண்களை விலக்கித் தீர்மானம் செய்தது. அந்நாட்டுப் பெண்கள் 1918 இல் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். இரண்டும் ஒன்றானது 1980 இல். அந்த நாட்டில் மத்திய தேர்தல்களிற் பெண்கள் வாக்குரிமை பெற்ற ஆண்டு 1971 என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நாட்டின் அரசியல் பெண்ணுக்குத் திறந்த பின்னருங்கூட, கனவான்களின் மலைக்கழகக் கதவு ஒன்பது ஆண்டுகள் சாத்தியே கிடந்தது.

உடையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1867 இல், மற்றர்ஹோர்னின் இத்தாலியப் பக்கத்தில், பெலிசித்தே கரெல் என்னும் வழிகாட்டி ஒருவரின் மகள் உச்சிக்குச் சற்றுக் கீழேவரை ஏறிவிட்டார். அவருடைய பாவாடை காற்றில் ஊதிப் பருத்துக் காலைத் தடுத்ததால் திரும்பிவிட்டார் என்று கூறப்படுகிறது. அவர் திரும்பிய இடத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. லூசி வாக்கர் வெற்றிபெறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் நடந்தது இது. அந்தக் கிராமத்துப் பெண் இன்னும் சில பாகம் ஏறியிருந்தால் பட்டியலின் தொடக்கமே மாறியிருக்கும். சீமாட்டிகள் வேறோர் உபாயம் கண்டிருந்தனர். ஊர் எல்லைவரை பாவாடையுடன் சென்று, மலையடிவாரத்தில் அதனைக் கழற்றி மறைத்துவைத்துவிட்டுக் காற்சட்டையுடன் ஏறுவார்கள். 1907 இல் அமைந்த பெண்கள் அல்பைன் கழகத்தின் முதலாவது தலைவியான எலிசபெத் லெ பிளாண்ட் ஒருமுறை பாவாடையை மலையிலேயே விட்டுவந்ததால் அதனை எடுப்பதற்காக மீண்டும் ஏறவேண்டியிருந்ததாம்.

அந்த அம்மையார் தம் வாழ்க்கைக் குறிப்பிற் சொல்லும் இன்னொரு செய்தி நமக்கு அதனினும் முக்கியமானது. மலையில் இரவு தங்கத் தொடங்கும்வரை அவர் தமது பாதணியைத் தாமே அணிந்ததில்லை. பணிப்பெண்ணே அணிவித்துவிடுவாள். எந்தப் பாதணி எந்தக் காலுக்குரியது என்பதே தமக்கு ஐயமாக இருந்ததென அவர் எழுதுகிறார். சமூகக் கட்டுகளிலிருந்து தம்மை விடுவித்தமைக்காக மலைக்கு அவர் நன்றி கூறினார். அந்த நன்றி உளமார்ந்தது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒரு பெண்ணின் விடுதலை தன் பாதணியைத் தானே பூட்டிக்கொள்வதில் தொடங்கிற்று. அதைப் பூட்டிவிட்ட மற்றப் பெண்ணின் விடுதலை எதிலே தொடங்கும் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை.

வழிகாட்டியின் துணையின்றி ஏறும் வழக்கம் வலுத்த பின்னர் பெண்களும் தம்மந்தாமே கயிறு கட்டி ஏற முற்பட்டனர். 1929 ஆகஸ்டில் அமெரிக்கரான மிரியம் ஓ'பிறையனும் பிரெஞ்சுக்காரரான அலிஸ் டமெமும், ஆண் துணை ஒன்றுமில்லாமல், ஷமோனிக்கு அருகிலுள்ள கிறெப்பொன் என்னும் கடினமான பாறைச் சிகரத்தை ஏறினர். அன்றிரவு ஷமோனியில் இருந்த பெயர்பெற்ற மலையேறி ஒருவர், இரு பெண்கள் தனியே ஏறிவிட்டமையால் மானமுள்ள ஆண் எவனும் இனி அதில் ஏறமாட்டான் என்று வருந்தினாராம். கல்லுக்குக் கற்பு கெட்டுவிட்டது போலும்!

அல்ப்ஸ் மலைகள் ஏறி முடிக்கப்பட்டதும் கண்கள் ஏகாதிபத்திய நாடுகளின் ஆட்சிக்குள் இருந்த ஆசிய மலைகளின் மீதும் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளின் மீதும் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு அமெரிக்கப் பெண்களுக்கிடையே நடந்த போட்டி பிரசித்தமானது. ஒருவர் பான்னி புல்லொக் வேர்க்மன்; மசச்சூசெற்ஸ் மாநில ஆளுநராக இருந்தவரின் மகள். கணவருடன் சைக்கிளில் நம் இலங்கையையும் இந்தியாவையும் சுற்றிப் பார்த்து, பின்னர் இமயத்துக்கும் காரக்கோரத்துக்கும் சென்றவர். மற்றவர் அன்னி சிமித் பெக். ஆசிரியராகவும் சொற்பொழிவாளராகவும் உழைத்துப் பணம் சேர்த்து ஏறியவர். 1908 இல் பெக் தமது ஐம்பத்தெட்டாவது வயதிற் பெரு நாட்டின் உவாஸ்கரான் வடசிகரத்தை அடைந்தார். அது வேர்க்மன் ஏறிய உயரத்தைவிடக் கூடியதாக இருக்கலாமென அவர் சொன்னதும், வேர்க்மன் 13,000 டொலர் செலவில் நில அளவையாளரைப் பெருவுக்கு அனுப்பி, தம் சாதனையே பெரிதென நிரூபித்துக்கொண்டார்.

இருவரும் பெண்ணுரிமைப் போராளிகளே. பெக் 1911 இற் கொரொப்புனா மலையிற் பெண் வாக்குரிமைச் சங்கத்தின் கொடியை நாட்டினார். வேர்க்மன் 1912 இல் சியாச்சென் பனியாற்றின் மேலே, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தலைப்புடைய பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி நிற்கும் புகைப்படம் இன்றும் நூல்களில் அச்சிடப்படுகிறது. அது வீரம் செறிந்த படந்தான். ஆனால் உவாஸ்கரானில் பெக்குடன் சென்ற சுவிற்சர்லாந்து வழிகாட்டி ருடோல்ப் தௌக்வால்டர் உறைபனியால் ஒரு கையையும் பாதத்தின் ஒரு பகுதியையும் இழந்தார். சியாச்செனில் வேர்க்மனுடன் சென்ற இத்தாலியர் ஒருவர் பனிப்பிளவுள் வீழ்ந்து மாண்டார். படத்துக்கு வெளியே நின்று மூட்டை சுமந்த காரக்கோரத்துக் குடியானவர்களைச் சோம்பேறிகளென்றும் வஞ்சகர்களென்றும் வேர்க்மன் தமது நூல்களிற் குறைகூறிக்கொண்டே செல்கிறார். தனக்கு வாக்குக் கேட்டவர், தன் மூட்டையைச் சுமந்தவனுக்கும் அவன் மனைவிக்கும் அது உண்டா என்று கேட்கவில்லை.

இமயத்தின் கதை 1950களின் பின் மாறுகிறது. நேபாளம் வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. எவரெஸ்ற் அடிவாரத்துக்குச் சென்ற சுமைகளில் ஒரு பங்கு ஷெர்ப்பாப் பெண்களின் முதுகிலேயே சென்றது. அடிவாரத்துக்கு மேலே செல்லும் வேலையும், அதற்குரிய கூடிய கூலியும் ஆண்களுக்கே உரியனவாயின. 1959 இல், நீச்சலுடை தைக்கும் தொழில் நடத்திய குளோட் கோகன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி பல நாட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு சோ ஓயு மலைக்குச் சென்றார். தென்சிங்கின் புதல்வியர் பெம் பெம், நீமா ஆகிய இருவரும் அக்குழுவில் உறுப்பினராக இருந்தனர். மலைநாட்டுப் பெண்கள் சுமைதூக்கிகளாக அன்றிச் சமமானவர்களாக ஒரு குழுவிற் சேர்ந்தது அன்று புதுமை. அந்தப் பயணம் சோகத்தில் முடிந்தது. பனிச்சரிவிற் கோகனும், பெல்ஜியப் பெண் ஒருவரும், ஷெர்ப்பா ஆண்கள் இருவரும் இறந்தனர். பெண்கள் இதற்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்லப் பலருக்கு அது வசதியாயிற்று. ஆண்களின் குழுக்கள் பனிச்சரிவில் அழிந்தபோது ஆண்கள் தகுதியற்றவர்கள் என்று எவரும் சொன்னதாக நாம் கேள்விப்படவில்லை.

1975 மே மாதத்தில், பதினொரு நாள் இடைவெளியில், எவரெஸ்றின் இரு பக்கங்களிலுமிருந்து இரு பெண்கள் உச்சியை அடைந்தனர். மே 16 இல் தெற்கிலிருந்து ஏறியவர் யப்பானியரான ஜுங்கோ தாபெய். 1969 இற் பெண்கள் மலையேறும் சங்கத்தை அமைத்தவர். எவரெஸ்ற் பயணத்துக்குப் பணம் கேட்டுச் சென்ற இடங்களில், வீட்டிலிருந்து பிள்ளை வளர்ப்பதே நல்லது என்ற பதில் கிடைத்தது. பதினைந்து பெண்களும் ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளத்துக்குச் சமமான தொகையைத் தத்தமக்கெனத் திரட்டினர். தாபெய் பியானோ கற்பித்துச் சம்பாதித்தார். பழைய மோட்டார் வண்டி இருக்கைத் துணியில் மேற்கையுறைகள் தைத்தனர். ஆசிரியைகளாயிருந்தோருக்கு மாணவர்கள் உண்ணாது மிஞ்சிய பழப்பாகுப் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுத்தனர். மே 4 இல் பனிச்சரிவு அவர்களுடைய கூடாரத்தை மூடிற்று. நினைவிழந்த தாபெயை ஷெர்ப்பாக்கள் இழுத்தெடுத்தனர். பன்னிரண்டு நாட்களின் பின் அவர் அங் செரிங் என்பவருடன் உச்சியில் நின்றார். எவரெஸ்ற் ஏறிய முதற் பெண் என்பதிலும் முப்பத்தாறாவது மனிதர் என அழைக்கப்படுவதையே தாம் விரும்புவதாகப் பின்னாளில் அவர் கூறினார்.

மே 27 இல் வடக்கிலிருந்து ஏறியவர் திபெத்தியரான பாந்தொக். மூன்று பிள்ளைகளின் தாய். சீன அரசாங்கக் குழுவின் உபதலைவர்களுள் ஒருவர். உச்சியிற் பனிமீது படுத்து, இருதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் பரிசோதனைக்கு அவர் தம்மை உட்படுத்திக்கொண்டார். தாபெயைப் போல நன்கொடைக்கு அலையும் தேவை அவருக்கு ஏற்படவில்லை. அரசு செலவை ஏற்றது. அரசே புகழையும் எடுத்துக்கொண்டது. எது நல்லது என்ற விவாதத்தை நாம் இங்குத் தொடங்கவில்லை. செலவை யார் ஏற்பார் என்பதே ஒரு பெண்ணின் சிகரத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இருவரும் சாட்சி.

1978 இல் அன்னபூர்ணா சென்ற அமெரிக்கப் பெண்கள் குழு, பெண்ணின் இடம் உச்சியே என்று பொருள்படும் வாசகம் பொறித்த மேற்சட்டைகளை விற்றுப் பணம் சேர்த்தது. ஷெர்ப்பாப் பெண்களுக்கும் மலையேற்றம் பழக்கவேண்டும் என்ற நல்லெண்ணம் அக்குழுத் தலைவிக்கு இருந்தது. நடைமுறையில் ஷெர்ப்பாப் பெண்கள் வந்து சேர்ந்தது சமையற் கூடாரத்துக்கு. நல்லெண்ணத்தைத் தொழிலின் ஒழுங்கு தோற்கடித்தது என்றே கூறவேண்டும்.

நமது நாட்டைப் பொறுத்தவரை ஒரு சிறப்புண்டு. 2016 மே 21 ஆம் திகதி எவரெஸ்ற் உச்சியை அடைந்த ஜயந்தி குரு உதும்பால, அங்கு சென்ற முதல் இலங்கையர். அவர் பெண்ணுரிமை இயக்கத்திற் பணியாற்றியவர். தார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி பெற்றவர். உடன் சென்ற ஜொஹான் பீரிஸ் அம்முறை உச்சிக்கு அண்மையிலிருந்து திரும்பி, 2018 இல் ஏறினார். பெண்களுள் முதல்வர் என்ற அடைமொழி இங்கே தேவைப்படவில்லை. சிவனொளிபாதமலையிற் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகப் பேத்திமாரின் கைபிடித்து ஏறிவரும் நாட்டில் இது நடந்தது பொருத்தமே. ஆனால், அதே மலையகத்திற் கூடை சுமந்து நாள்தோறும் சரிவு ஏறும் தோட்டப் பெண்ணைப் பற்றி உல்லாசப் பிரயாணத்துறை அறிந்ததெல்லாம் அவளுடைய புகைப்படமே. கொழுந்து கிள்ளும் அவளுடைய கையும் சிரித்த முகமும் இந்த நாட்டின் விளம்பரச் சுவரொட்டிகளில் எத்தனை நாடுகளைச் சுற்றி வந்துள்ளன! அவளுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி 1984 இலேயே கிடைத்தது என்பதை எந்தச் சுவரொட்டியும் சொன்னதில்லை.

தென்னமெரிக்காவில், பொலிவியா நாட்டில், சுமையும் சமையலும் செய்த பெண்களே மலையேறத் தொடங்கிய செய்தி அண்மைக்காலத்தது. ஐமாரா இனத்தைச் சேர்ந்த அவர்களுட் பலர், உவாய்னா பொத்தோசி மலைக்குப் பிரயாணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளின் மனைவியர். ஆண்டுக்கணக்காக அடிவாரத்திற் சமைத்துக்கொடுத்து, ஏறி இறங்கி வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 2015 டிசெம்பரில் அவர்களிற் பதினொருவர் 6,088 மீற்றர் உயரமான அம்மலையில் ஏறினர். 2019 ஜனவரியில் ஆர்ஜென்ரீனாவின் அக்கொன்காகுவா உச்சியையும் அடைந்தனர். சாதியின் இழிவாக நகரத்தார் கருதிய தங்கள் பலமடிப்புப் பாவாடையை அவர்கள் கழற்றவில்லை, அதனுடனேயே ஏறினர். ஐரோப்பியச் சீமாட்டி பாறைக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை இவர்கள் சிகரத்துக்குக் கொண்டுபோனார்கள். உடை ஒன்றேயாயினும் அதன் பொருள் அணிபவரின் நிலையைப் பொறுத்தது.

நேபாளத்தில் அதே போராட்டம் அதிக விலை கேட்டது. பசங் லாமு ஷெர்ப்பா தம் கணவருடன் மலைப்பயண நிறுவனம் நடத்தியவர். மூன்று முயற்சிகள் தோல்வியுற்றபின், 1993 ஏப்ரல் 22 இல் எவரெஸ்ற் உச்சியை அடைந்த முதல் நேபாளப் பெண்ணானார். இறங்கும் வழியில் இறந்துபோனார். அரசாங்கம் அவருக்குச் சிலை எழுப்பிற்று, முத்திரை வெளியிட்டது, நெடுஞ்சாலைக்கு அவர் பெயரைச் சூட்டிற்று. உச்சியை அடைந்து உயிருடன் திரும்பிய முதல் நேபாளப் பெண் லக்பா ஷெர்ப்பா, 2000 ஆம் ஆண்டில். சிறுவயதிற் சுமைதூக்கியாகவும் சமையல் எடுபிடியாகவும் தொடங்கியவர். பள்ளிக்கூடம் சென்று படிக்காதவர். 2022 மே மாதத்தில் அவர் பத்தாவது தடவையாக எவரெஸ்ற் ஏறினார். உலகில் வேறெந்தப் பெண்ணும் அத்தனை தடவை ஏறியிருக்கவில்லை. இந்த ஏற்றங்களுக்கு இடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பலசரக்கு அங்காடியிற் பாத்திரம் கழுவி அவர் தம் பிள்ளைகளை வளர்த்தார். ஆண்களாயிருந்தால், அதுவும் வெள்ளையராயிருந்தால், பத்துத் தடவை எவரெஸ்ற் ஏறியவரின் கையிற் பாத்திரத் தேய்ப்பான் இருந்திருக்குமா என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

சிகரத்தைவிடத் தொழிலே முக்கியம் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் பொக்காராவைச் சேர்ந்த லக்கி, டிக்கி, நிக்கி செத்திரி என்னும் மூன்று சகோதரிகள். 1990களில் அவர்கள் நடத்திய சிறு விடுதியில் தங்கிய வெளிநாட்டுப் பெண்கள், மலைவழியில் ஆண் வழிகாட்டிகளால் தாம் பட்ட தொல்லைகளைச் சொன்னார்கள். பெண்ணுக்குப் பெண் வழிகாட்டினால் என்ன என்று சகோதரியர் எண்ணினர். தாமே வழிகாட்டிகளாயினர். பின்பு கிராமத்துப் பெண்களை அழைத்து ஆங்கிலமும், முதலுதவியும், மலைவழிப் பழக்கமும் கற்பித்து வேலையும் கொடுத்தனர். ஊரார் ஏசினர், பெண்பிள்ளை அந்நியருடன் காட்டில் இரவு தங்குவதா என்றனர். சம்பளம் வீட்டுக்கு வரத் தொடங்கியதும் ஏச்சு தணிந்தது. தணிந்தது என்றே சொல்கிறோம். முற்றாக ஒழிந்தது என்று சொல்ல வரவில்லை.

ரொல்வாலிங் பள்ளத்தாக்கிற் பிறந்த தாவா யாங்சும் ஷெர்ப்பாவும் சிறுமியாக இருக்கையிற் சுமை சுமந்தே மலைத்தொழிலில் நுழைந்தவர். 2012 இல் எவரெஸ்ற், 2014 இல் இரு நேபாளப் பெண்களுடன் கே 2 என ஏறியபின், சர்வதேச மலை வழிகாட்டிகள் சம்மேளனத்தின் சான்றிதழுக்கான நீண்ட பரீட்சைகளுக்கு அவர் அமர்ந்தார். உடன் அமர்ந்தவர்கள் அனைவரும் ஆண்கள். 2018 ஆம் ஆண்டளவில் அச்சான்றிதழைப் பெற்ற முதல் நேபாளப் பெண் அவரே. ஷமோனியிலும் அது செல்லும்.